ஏழுமலைக்கு மெடிக்கல் என்றால் பயம்

மார்க்கெட் கமிட்டியில் வேர்க்கடலை மூட்டைகளை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, எடைக்கு ஏற்றிக்கொண்டிருந்த நேரம். நான் மூட்டை தூக்குவதை விட்டுப் பல வருஷமாகிறது. தூக்குகிறவர்களோடு உட்கார்ந்து டீ குடிக்க மட்டும் போவேன். சட்டைப்பையில் போன் அடித்தது. திரையில் வரும் பேரைப் படிக்க எனக்குத் தெரியாது என்பதால் ஆளுக்கொரு படம் போட்டுக் கொடுத்திருந்தான் ஏழுமலை. அவன் படமே வந்தது. “சொல்றா” என்றேன். பேசியது வேறு குரல்.

“தாத்தா, நான் வல்லத்துலேர்ந்து பேசறன். சாரு மேட்ச்சுக்கு விசில் ஊதிக்கினு இருந்தாரு. அப்படியே தரையில ஒக்காந்துட்டாரு. ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கினு வராங்க.”

“பேசறானா?”

“இல்ல தாத்தா.”

நான் செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்து கிடந்தது. யாரும் ஓடவில்லை. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. டிரைவர் ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏழுமலை என் தங்கை அலமேலுவின் மூத்த மகன். உங்களில் பாதிப் பேர் அவனோடு ஹைஸ்கூல் மைதானத்தில் ஆடியவர்கள். மீதிப் பேர், வெளிநாட்டில் ஃபுட்பால் ஆடிவிட்டு வந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ‘சார்’ என்று அவனை அறிந்தவர்கள். பேப்பரில் படம் வருகிற பெரிய ஆட்டக்காரன் இல்லை அவன். ஒரு வருஷம் ஒரு ஊர், மறு வருஷம் வேறு ஊர், வேறு கிளப். மைதானத்தின் நடுவில் நின்று பின்னால் இருப்பவனிடம் வாங்கி முன்னால் இருப்பவனிடம் கொடுக்கிற வேலை. அந்த வேலையை டாக்காவிலும் காத்மாண்டுவிலும் மாலேயிலும் செய்துவிட்டு, நாற்பதைத் தொடுவதற்குள் போய்விட்டான்.

நினைவு மலருக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், அவன் மனைவி கவிதா எழுதுகிறாள். அவளுக்கு எதற்கு இந்தக் கஷ்டம், வேறு யாரையாவது வைத்து எழுதலாம் என்றேன். “நானே எழுதறன் பெரியப்பா, சொல்லு” என்றுவிட்டாள்.

இன்னொரு விஷயத்தையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பை எங்களிடம் கொடுப்பதற்கு முன் டாக்டர் கூப்பிட்டு, “இவங்க அப்பா எப்படி இறந்தாரு?” என்று கேட்டார். மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் சாய்ந்தார், அவருக்கும் இதே வயதுதான், வெயில் என்று நினைத்துக்கொண்டோம் என்றேன். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, நெஞ்சுத் தசை தடித்துப்போகிற ஒரு நோய் இருக்கிறது, அது குடும்பத்தில் வரும், சிலருக்கு வயசு போகப் போகத்தான் வெளியே தெரியும், கூடப் பிறந்தவர்கள் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான், முரளி. குட்டியானை வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறான். “சரி சார்” என்றான். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போனான். நான் ஏழுமலையைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தாலும் என் கண் வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும் முரளி மேல்தான் இருக்கிறது. குனிந்து நிமிரும்போது மூச்சு வாங்குகிறானா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

முரளி எழுந்து போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் மெடிக்கல் என்ற சொல் அப்படி.

ஏழுமலை கடலூர் விளையாட்டு ஹாஸ்டலில் இருந்தபோது வலது முட்டியில் ஜவ்வு அறுந்து ஆபரேஷன் ஆயிற்று. தழும்பு மண்புழு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதற்கப்புறமும் நன்றாகத்தான் ஆடினான். ஆனால் வெளிநாட்டுக் கிளப்பில் சேர வேண்டுமென்றால் கையெழுத்துக்கு முன்னால் அவர்கள் டாக்டர் உடம்பு முழுக்கப் பார்ப்பார். ரத்தம் எடுப்பார், நெஞ்சில் வயர் ஒட்டி ஓடவிடுவார், முட்டியைப் பிடித்து முன்னாலும் பின்னாலும் இழுப்பார். அதில் பாஸ் ஆனால்தான் ஆட்டம். ஒரே கிளப்பில் வருஷக் கணக்காக ஆடுகிறவனுக்கு இந்தப் பாடு அவ்வளவு இல்லை. ஏழுமலைக்கு யாரும் ஒரு வருஷத்துக்கு மேல் ஒப்பந்தப் பேப்பர் போட்டுத் தரவில்லை. அதனால் வருஷம் தவறாமல் புது ஊரில், புது டாக்டர் முன்னால் அந்தத் தழும்போடு போய்ப் படுக்க வேண்டும்.

“மேட்ச்சுல தோத்தா அடுத்த வாரம் ஒரு மேட்ச் இருக்குது மாமா” என்பான். “மெடிக்கல்ல தோத்தா ஏர்போர்ட்டுதான்.”

மெடிக்கல் நடக்கும் நாளில் சிறுகடம்பூரில் அலமேலு வீடு எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்ததில்லை. அவள் அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். மேல்மலையனூர் அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிப் படத்தின் கீழே வைத்துவிட்டு, அதற்கு நேராக உட்கார்ந்துவிடுவாள். போனைத் தொடப் பயம் அவளுக்கு. அதனால் அது என் கையில் இருக்கும். எனக்குப் படிக்க வராது, அவளுக்கும் வராது என்று ஏழுமலை ஒரு வழி செய்திருந்தான். பாஸ் ஆகிவிட்டால் புதுக் கிளப்பின் சட்டையைக் கட்டில் மேல் விரித்துப் படம் எடுத்து அனுப்புவான். அதில் அவன் முகம் இருக்காது. சட்டை மட்டும். போன் ஒருமுறை அதிரும். அலமேலு திரும்பாமலே கேட்பாள்:

“இன்னா கலரு?”

நான் நிறத்தைச் சொன்னதும் எழுந்து போய் அரிசி களைவாள்.

அதனால்தான் எனக்கு அவன் ஆடிய கிளப்புகளின் பேர் தெரியாது. மஞ்சள் வருஷம், பச்சை வருஷம், செங்கல் நிற வருஷம், நீல வருஷம் என்று தெரியும். மஞ்சள் வருஷத்தில் முரளிக்குக் கல்யாணம். பச்சை வருஷத்தில் டாக்காவில் மழை விடவே இல்லை. அவன் பேசும்போதெல்லாம் பின்னால் தகரத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கும். செங்கல் நிற வருஷத்தில் காத்மாண்டுக் குளிரில் உதடு வெடித்து, சிரித்தால் ரத்தம் வருகிறதென்று வாயைப் பொத்திக்கொண்டு பேசினான். கவிதாவும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று சொல்வாள். கல்யாணமான பிறகு அவனோடு சேர்ந்திருந்த மாதங்களை விட போனில் இருந்த மாதங்கள்தான் அதிகம். குழந்தை இல்லை. அதைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள் ஒருத்தியாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பச்சை வருஷத்தில் நடந்ததைச் சொன்னால் உங்களில் சிலர் சிரிப்பீர்கள், நீங்களும் அங்கே இருந்தவர்கள்தான். டாக்காவில் நடந்த மேட்ச் போனில் வந்தது. கமிட்டி வாசலில் மூட்டை மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பத்துப் பேர் குந்தியிருந்தோம். மஞ்சள் சட்டைக்காரர்களுக்கும் பச்சைச் சட்டைக்காரர்களுக்கும் ஆட்டம். முந்தின வருஷம் ஏழுமலையை மஞ்சளில் பார்த்துப் பழகியிருந்ததால் எல்லோரும் மஞ்சள் பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் ஒரு கோல் போட்டது. சுமை தூக்கும் ராஜி தயாராக வைத்திருந்த சரவெடியைக் கொளுத்திவிட்டான்.

“யோவ், இந்த வருஷம் அவன் பச்சைய்யா” என்றேன்.

வெடி வெடித்து முடிகிற வரை யாருக்கும் கேட்கவில்லை. முடிந்ததும் ராஜி என்னைப் பார்த்தான். “அப்போ நம்ம மேலதான் கோல் போட்டானுங்களா? இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா மாமா? உம் மருமவன் சட்டய மாத்திக்கினே இருந்தா நாங்க எந்தச் சட்டயத்தான் நம்பறது?”

அன்றைக்கே இன்னொருவன், “இன்னா மாமா, பந்து வரதுக்கு முன்னாடி திரும்பித் திரும்பிப் பாக்குறான். யாரையாவது அடிச்சிட்டு வந்துட்டானா, தொரத்துறாங்களா?” என்றான். எனக்கும் அது மனசில் இருந்தது. பயந்தவன் போலத்தான் இருந்தது. ஊருக்கு வந்தபோது கேட்டேன்.

“பந்து என் காலுக்கு வந்தப்புறம் பாத்தா லேட்டு மாமா. யாரு வரான், எங்க எடம் இருக்குதுன்னு முன்னாடியே தெரிஞ்சினு இருக்கணும். பந்த வச்சினு இருக்கறவன் பெரிய ஆளு இல்ல. குடுத்துட்டு நகர்றவன்தான் ஆளு.”

அப்படிக் கொடுத்துக் கொடுத்தே ஆடியதால் கோல் அவன் பேரில் வராது. ஊரில் எல்லோரும் கேட்பது கோலைத்தான். வெளியூரிலிருந்து ஆள் கூட்டி வந்த கிளப்காரர்களும் அதையே கேட்டார்கள். வெளிநாட்டுக்காரனை வைத்துக்கொள்ள இடம் கொஞ்சம்தான்; இரண்டு மேட்ச் சுமாராக ஆடினால் போதும், வேறொருத்தன் பெட்டியோடு வந்து நின்றுவிடுவான். “நான் போடுற பாஸ்ல கோல் போடுறானே, அவனுக்கு நான் வோணும் மாமா. ஆனா அது அவனுக்குத் தெரியற அளவுக்கு ஆபீஸ்ல ஒக்காந்திருக்கறவனுக்குத் தெரியாது” என்று ஒருமுறை சொன்னான். குறையாகச் சொல்லவில்லை.

ஒரு வருஷம் படம் வரவில்லை. மஸ்கட்டுக்குப் போயிருந்தான். காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு அலமேலு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று. கவிதா கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. “அங்க டைம் வேற” என்றாள். “நேத்தும் அதே டைம்தானே?” என்றாள் அலமேலு.  இரண்டு நாள் கழித்து அவனே பஸ் ஸ்டாண்டிலிருந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான். முட்டியை ஸ்கேனில் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.  அலமேலு அவன் கையிலிருந்து பையை வாங்கி வைத்துவிட்டு, “மூஞ்சி கழுவிக்கினு வா” என்றாள்.

அதற்கப்புறம் மாதக் கணக்கில் காலையில் ஏரிக்கரையில் ஓடினான். பார்க்கிறவர்களெல்லாம், “இன்னா ஏழுமலை, லீவா?” என்றார்கள். “ஆமாண்ணா, லீவு” என்றான். லீவு நீளமாகிக்கொண்டே போனது. காந்தி பஜாரில் ஒருத்தர் முகத்துக்கு நேராகவே, “ஃபுட்பால் எல்லாம் சின்ன வயசுல ஆடற ஆட்டம். எதனா ஒரு வேலயப் பாருப்பா” என்றார். வீட்டுக்கு வந்து அதையே அவர் குரலில் சொல்லிக் காட்டிச் சிரித்தான். சோறு பாதி தட்டில் இருந்தது. பாதி சீசனில் காத்மாண்டுவில் யாருக்கோ கால் ஒடிந்து அவசரமாக ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள். இன்னொருத்தன் கால் ஒடிந்ததில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்தச் சந்தோஷத்தை வாய்விட்டுச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியாக ஆடியது மாலேயில், நீலச் சட்டையில். இரண்டு வருஷம் முன்பு சீசன் முடிந்து வந்தான். கிளப்பிலிருந்து கூப்பிடும் மாதம் வந்தது, போன் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. வல்லத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கோச் வேலை சொன்னார்கள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “யம்மா, இனிமே மெடிக்கல் இல்ல” என்றான். அலமேலு கரண்டியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். “சத்தியமா?” என்றாள். “சத்தியமா.”

அடுத்த அமாவாசை கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை முரளியின் வண்டியில் எல்லோரும் மேல்மலையனூர் போனோம். இத்தனை வருஷம் முடிந்துவைத்த துணிகளையெல்லாம் அலமேலு உண்டியலில் அவிழ்த்துக் கொட்டினாள். பொங்கல் வைத்தாள். ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு விறகு தள்ளினான். புகை கண்ணில் பட்டு அழுகிற மாதிரி இருந்தான், சிரித்துக்கொண்டும் இருந்தான். “மாமா, இனிமே எவன் கிட்டயும் முட்டியக் காட்ட வேணாம்” என்றான். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது. அன்றைக்கு அவ்வளவு பொங்கல் சாப்பிட்டேன்.

இந்த இடத்தில் கவிதா எழுதுவதை நிறுத்திவிட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அவங்க முட்டிய மட்டுமா பாத்தாங்க பெரியப்பா? வருஷா வருஷம் நெஞ்சயும்தான பாத்தாங்க. நாம முட்டிக்கு மட்டும் வேண்டிக்கினோம். பாக்கறத நிறுத்தினதுக்குப் போயி பொங்க வச்சோம்.”

அவள் சொன்னதையும் எழுதச் சொன்னேன். பேனாவைத் திறந்து எழுதினாள்.

போன தை மாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ராஜகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போனவன் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டானாம். பிள்ளைகள் மேலே போய் இறங்கி வருகிற வரை அங்கேயே இருந்திருக்கிறான். கேட்டதற்கு, வயசாகிறது, தொப்பை போட்டுவிட்டது என்றான். கவிதா விடவில்லை. “ஒரு தடவ போயி காட்டிட்டு வா” என்றாள். “இத்தினி வருஷமா காட்டினது பத்தலியா?” என்று கையெடுத்துக் கும்பிட்டான். எல்லோரும் சிரித்தோம். அவன் பந்தோடு எவ்வளவு ஓடியவன், அவனுக்கா மூச்சு வாங்கும் என்றுதான் நினைத்தோம்.

இனி முரளி.

காரியத்துக்கு முந்தின நாள் கவிதா நேரடியாகக் கேட்டாள். “எப்போ போற முரளி?”

“போலாம் அண்ணி. சவாரி இருக்குது.”

“சவாரி எப்பவும்தான் இருக்கும்.”

“எனுக்கு ஒண்ணியும் இல்ல. நான் இன்னா பந்தா ஆடறன்? வண்டில ஒக்காந்துகினு இருக்கறன்.”

“ஒங்க அப்பா பந்தா ஆடனாரு?”

 உள்ளேயிருந்து அலமேலுதான் பேசினாள். “அவன விட்டுடு கவிதா. இன்னொரு தடவ என்னால அப்படி ஒக்காந்துகினு இருக்க முடியாது. இருக்குதுன்னு சொன்னா நான் இன்னா பண்ணுவன்? தெரியாமயே இருக்கட்டும்.”

“தெரியாம இருந்துதான அத்தே இவர ஆம்புலன்ஸ்ல இட்டுனு வந்தாங்க?” என்றாள் கவிதா.  பெத்தவள் சொல்வதும் எனக்குப் புரிந்தது, தாலியை இழந்தவள் சொல்வதும் புரிந்தது. புரிந்து என்ன செய்வது? முரளிக்கு இரண்டு பிள்ளைகள். அவர்கள் வாசலில் பந்தல் கயிற்றைப் பிடித்து ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் வாடகைக்கு எடுத்த அண்டாக்களையும் நாற்காலிகளையும் திருப்பிக் கொடுக்க முரளி வண்டியை எடுத்தான். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பின்னால் அண்டாக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. கடையில் இறக்கிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவன் வண்டியைக் கிளப்பவில்லை.

“எதனா இருக்குதுன்னு சொல்லிட்டா வண்டி ஓட்ட விடுவாங்களா மாமா?”

“தெரியலடா.”

“அதான். அண்ணன் மாதிரி எனுக்கு தைரியம் இல்ல. அவன் வருஷா வருஷம் போயி சிரிச்சினு நின்னான்.”

“யாரு, அவனா? தைரியமா?” என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்த்தான்.

அப்போது சொன்னேன். மாலேக் கிளப் முதல் தடவை ஏழுமலையைக் கேட்டபோது, விசாவுக்கு முன்னால் சென்னையிலேயே எல்லா டெஸ்ட்டும் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்த பயம் அவனுக்கு இன்னும் போகவில்லை. “கூட வா மாமா” என்றான். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வேலை விஷயமாகப் போகிறோம் என்று கிளம்பினோம்.  ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏசி குளிர்ந்தது. அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றி என்னிடம் கொடுத்தான். பிழிந்தால் தண்ணீர் வரும் போல இருந்தது. பாத்ரூம் போனான், வந்தான், மறுபடி போனான். நர்ஸ் பேரைக் கூப்பிட்டாள். அவன் அசையவில்லை. பேர் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நான் அவன் கையைத் தொட்டேன்.  நர்ஸ் வெளியே தலையை நீட்டி, “ஏழுமலை யாருங்க? வரீங்களா இல்லயா?” என்றாள்.

“மாமா, கெளம்பிடலாமா?” என்றான்.

“உன் இஷ்டம்டா. போலாம்னா போலாம்” என்றேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு வேறு சொல்லத் தோன்றவில்லை. அவன் எழுந்தான். நான் பையை எடுத்துக்கொண்டு அவன் சட்டையைக் கையில் வைத்தபடி படிக்கட்டுப் பக்கம் நடந்தேன். பின்னாலேயே வருகிறான் என்று நினைத்து ஏதோ சொல்லிக்கொண்டே போகிறேன். திரும்பிப் பார்த்தால் வராந்தாவில் ஆள் இல்லை. நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

முரளி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பயந்தானா?”

“பயந்தான்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? உள்ள போனான்.”

கடைக்காரர் வந்து அண்டா மூடி ஒன்று குறைகிறது என்றார். முரளி இறங்கிப் போய் வண்டியின் பின்னால் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

“நீ வருவியா?”

“வரன்.”

“வந்து இன்னா பண்ணுவ?”

“உன் சட்டயப் புடிச்சினு வெளிய ஒக்காந்திருப்பன்.”

 வீட்டு வாசலில் இறங்கும்போது, “அம்மா கிட்ட சொல்லாத” என்றான்.

அவனோடு ஆடியவர்களே, ஏழுமலை கோப்பை எதையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கலர் கலராக இருக்கும் சட்டைகளைக் கவிதா உங்களுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறாள். யாருக்கு எந்த வருஷம் வேண்டுமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களில் ஆடுவதை நிறுத்தி ஊரோடு வந்துவிட்டவர்கள், உங்களை இனி எந்தக் கிளப்பும் படுக்க வைத்துப் பார்க்கப் போவதில்லை என்பதால் நீங்களாகவே ஒருமுறை போய்ப் படுத்துவிட்டு வாருங்கள். எனக்கு அவனிடமிருந்து ஒன்றே ஒன்று போதும். கிளம்பிடலாமா என்று கேட்டவன் கதவுப் பக்கம் நடந்தானே, நான் முதுகைக் காட்டிக்கொண்டு போனதால் பார்க்காமல் விட்ட அந்த நாலு எட்டு. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கியிருக்கிறோம். காலையில் முதல் பஸ். வருகிறேன் என்றுதான் முரளி சொல்லியிருக்கிறான்.

இன்றைக்குச் சனிக்கிழமை.